லாரியின் முன் சக்கரம் அரை மீட்டர் தள்ளிப்போனால் என்ன ஆகும்?

குறுகலான முனையில் பஸ் திரும்புவதைக் கவனிச்சிருக்கீங்களா? டிரைவர் ரோட்டோரத்தைத் தாண்டிப் போன பிறகுதான் ஸ்டியரிங்கை ஒடிப்பார். முன் சக்கரம் அவர் சீட்டுக்குப் பின்னால் இருப்பதுதான் காரணம். பழைய ‘மூக்கு’ லாரியில் இது தலைகீழ். அதில் சக்கரம் முன்னால், டிரைவர் பின்னால். இப்போது நம்ம ஊரில் ஓடும் தட்டை முக லாரிகளில் பெரும்பாலும் கேபினுக்கு அடியிலேயே முன் அச்சு வந்துவிடுகிறது.

இதெல்லாம் வெறும் வடிவமைப்பு விஷயம் இல்லை. எந்த டயர் எவ்வளவு சுமக்கும் என்பதை முடிவு செய்வதே இந்த இடம்தான்.

ஒரு சின்ன கணக்கு. ஒரு லாரியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி, அதாவது வீல்பேஸ், 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 டன் சரக்கின் மையம் பின் அச்சுக்கு 1 மீட்டர் முன்னால் இருந்தால், முன் சக்கரங்களுக்கு 2 டன், பின்னுக்கு 8 டன். முன் அச்சை மட்டும் அரை மீட்டர் பின்னால் தள்ளினால் முன்பக்கப் பங்கு 2.2 டன். இவ்வளவுதானா என்று தோணும். ஆனால் இன்ஜினும் கேபினும் இப்போது அச்சுக்கு முன்னால் தொங்கும். அந்த எடையும் சேர்ந்து முன் சக்கரத்தில்தான் இறங்கும். அளவு மீறினால் ஸ்டியரிங் கனக்கும், டயர் சீக்கிரம் தேயும்.

இதைவிட ஆபத்து எதிர்ப்பக்கம்தான். சரக்கின் மையம் பின் அச்சுக்கு நேர் மேலே வந்துவிட்டால், அதிலிருந்து ஒரு கிலோகூட முன் சக்கரத்துக்குப் போகாது. இன்னும் பின்னால் போனால் முன்பக்கத்தைத் தூக்கவே பார்க்கும். கரும்பு இழுக்கும் டிராக்டர் மேட்டில் ‘தலை தூக்கி’ நிற்பதும் ஏறக்குறைய இதே நெம்புகோல் வேலைதான். லாரி அப்படி அந்தரத்தில் நிற்காது, அதனால் வெளியே தெரியாது. மழையில், மலைப்பாதை வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேரே போகும்போதுதான் டிரைவருக்கே புரியும்.

சட்டமும் இதைத் தொடுகிறது. 2018-ல் மத்திய அரசு எடை வரம்பை உயர்த்தியபோது, 2 அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது. அதில் 4 டயர் உள்ள பின் அச்சுக்கு 11.5 டன்தான். மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் வரம்பு மீறியிருக்கலாம். பின் அச்சைத் தாண்டி நீளும் பகுதி வீல்பேஸில் 60 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்றும் விதி இருக்கிறது. 5 மீட்டர் வீல்பேஸ் என்றால் 3 மீட்டர். நாமக்கல் மாதிரி ஊர்களில் வெறும் சேஸுக்குப் பாடி கட்டும்போது நீளத்தை இஷ்டத்துக்கு இழுக்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு முன் அச்சு போதாது என்றால்? 31 டன் வகையில் வந்த 12 சக்கர லாரிகளைப் பாருங்க. முன்னால் 2 அச்சு, இரண்டுமே ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பும்.

அமெரிக்காவில் இது இன்னும் பெரிய சமாச்சாரம். அங்கே பாலங்களைக் காப்பாற்ற, அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை வைத்தே அனுமதி எடையைக் கணக்கிடுகிறார்கள். நெடுஞ்சாலையில் பொதுவான உச்சவரம்பு சுமார் 36 டன். அதனால் ஜல்லி, கான்கிரீட் ஏற்றும் வண்டிகளுக்கு முன் அச்சு பம்பரை ஒட்டி இருந்தால் லாபம். தொலைதூர லாரிகளில் அச்சைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். வீல்பேஸ் குறையும், குறுகலான இடத்தில் சுலபமாகத் திரும்பும். 1985-ல் வந்த கென்வொர்த் டி600, சரிந்த மூக்கும் பின்தள்ளிய அச்சும் கொண்ட லாரிகளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது.

சரி, பைக்கில் போகிறவருக்கு இதில் என்ன? லாரி இடப்பக்கம் திரும்பும்போது முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். வீல்பேஸ் நீளமாக இருந்தால் வெட்டும் அதிகம். இடது ஓரத்தில் நிற்கும் பைக் மாட்டுவது அங்கேதான். முன் அச்சு பின்தள்ளி இருக்கும் வண்டியிலோ, சக்கரத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முகத்தின் வலது மூலை பக்கத்து லேனைத் துடைத்துக்கொண்டு திரும்பும். லாரி திரும்பி முடிக்கிற வரை இரண்டு பக்கமும் ஒட்டாமல், டிரைவர் கண்ணாடியில் தெரிகிற தூரத்தில் பின்னாலேயே நிற்பதுதான் சரி.