படிப்புக்கு ஈடு பணியாண்டு: அமெரிக்கப் படைக் கல்வியுதவியின் கணக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ராணுவத்தின் செலவில் பல்கலைக்கழகப் பட்டம் பெற முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, வெஸ்ட் பாயின்ட், அன்னாபொலிஸ், கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஆகிய இடங்களிலுள்ள தரைப்படை, கடற்படை, விமானப்படைக் கல்விக்கழகங்களில் சேர்வது. இரண்டாவது, வழக்கமான பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆர்ஓடிசி எனப்படும் ரிசர்வ் அதிகாரிப் பயிற்சிப் பிரிவில் சேர்ந்து கல்வியுதவி பெறுவது. மூன்றாவது, மருத்துவம், பல் மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்காக 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த உதவித் திட்டம். மூன்றிலும் கல்விக் கட்டணத்தை அரசு கட்டுகிறது. பட்டம் பெற்றவர் சீருடையில் பணியாற்றி அதை ஈடுசெய்கிறார்.

இதைச் சிலர் இலவசக் கல்வி என்கிறார்கள், சிலர் கல்விக் கடன் என்கிறார்கள். இரண்டு பெயருமே சரியாகப் பொருந்துவதில்லை. கடனுக்கு அசலும் வட்டியும் தவணையும் உண்டு. கையில் பணம் வந்தால் முன்கூட்டியே அடைத்துவிட்டு விலகலாம். இங்கே விலை ஆண்டுக் கணக்கில் குறிக்கப்படுகிறது. கழித்த ஆண்டுகளில் எது வரவில் ஏறும், எது ஏறாது என்பதைச் சட்டமும் படைத்துறையுமே முடிவுசெய்கின்றன. ஒப்பந்தத்தில் எழுதியுள்ள ஆண்டுகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட, அவை எண்ணப்படும் முறையைப் பார்த்தால்தான் இந்தக் கல்வியின் உண்மையான விலை புலப்படும்.

வெஸ்ட் பாயின்ட் கல்விக்கழகம் 1802-இல் நிறுவப்பட்டது. அங்கே சேரும் கேடட் ஐந்தாண்டு பணியாற்றச் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும் என்று 1812-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. படிப்புக் காலமும் அந்த ஐந்தில் அடக்கம் என்பதால், நான்காண்டு படித்தவர் பட்டத்துக்குப் பின் ஓராண்டு பணியாற்றினால் போதும். நாட்டில் பொறியியலை முறையாகக் கற்பித்த முதல் நிறுவனமும் அதுவே. 1824-ஆம் ஆண்டின் அளவைச் சட்டத்தின்கீழ் ராணுவப் பொறியாளர்கள் சாலை, கால்வாய், ரயில்பாதைத் திட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பால்டிமோர்–ஒஹையோ ரயில்பாதையை அளந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். தனியார் கம்பெனிகள் இவர்களின் திறமையை நேரில் பார்த்தன. ராணுவச் சம்பளத்தைவிடப் பல மடங்கு கொடுத்து அழைத்துக்கொண்டன. 1819-இல் தேறிய ஜார்ஜ் வாஷிங்டன் விஸ்லர் 1833-இல் ராணுவத்தை விட்டு விலகி ரயில்பாதைப் பொறியாளரானார். 1842-இல் ரஷ்யா சென்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்–மாஸ்கோ பாதைப் பணியில் சேர்ந்தார். அவர் பல ஆண்டு பணியாற்றிவிட்டே போனவர். பின்னால் வந்தவர்கள் அவ்வளவு காத்திருக்கவில்லை. 1836-ஆம் ஆண்டில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட அதிகாரிகள் பதவி விலகினார்கள். இரண்டாண்டு கழித்து, 1838-இல், நாடாளுமன்றம் ஐந்தை எட்டாக உயர்த்தியது. அதாவது படிப்புக்குப் பின் நான்காண்டு. சேவைக் கடப்பாட்டை நாட்டுப்பற்றின் வெளிப்பாடாகப் பேசுவது இன்றைய மேடை வழக்கம். அது நீண்டதற்கு உடனடிக் காரணம் ரயில் கம்பெனிகள் தந்த சம்பளம்.

இந்தச் சிக்கலுக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர் பொருளியலாளர் கேரி பெக்கர். மனித மூலதனம் பற்றி 1964-இல் வெளியான நூலில் அவர் பயிற்சியைப் பொதுப் பயிற்சி, குறிப்பிட்ட நிறுவனத்துக்கே உரிய பயிற்சி என்று பிரித்தார். எங்கும் செல்லுபடியாகும் பொதுப் பயிற்சிக்கு எந்த முதலாளியும் பணம் போடத் தயங்குவார். பயிற்சி பெற்றவர் மறுநாளே அடுத்த கம்பெனிக்குப் போய்விட்டால் போட்ட பணம் போனதுதான். பல்கலைக்கழகப் பட்டம் பொதுப் பயிற்சியின் உச்சம். பீரங்கி இயக்கக் கற்றவருக்கு வெளியே சந்தை இல்லை. கட்டடப் பொறியியலும் அறுவை மருத்துவமும் கற்றவருக்கு எங்கும் வேலை உண்டு. எனவே எளிதில் எடுத்துச் செல்லக்கூடிய படிப்பு எதுவோ, அதற்குரிய கட்டும் இறுக்கமாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அமெரிக்க விதிகள் பெரும்பாலும் அப்படியே அமைந்திருக்கின்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த ஏற்பாடு கல்விக்கழகங்களின் மதிலைத் தாண்டியது. அரசு நிலம் பெற்ற கல்லூரிகள் போர்ப் பயிற்சியும் கற்பிக்க வேண்டும் என்று 1862-ஆம் ஆண்டின் மாரில் சட்டம் கூறியிருந்தது. 1916-ஆம் ஆண்டின் தேசப் பாதுகாப்புச் சட்டம் ஆர்ஓடிசியை உருவாக்கியது. ஆனால் முழுக் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் முறை கடற்படையில்தான் 1946-இல் முதலில் வேரூன்றியது. அதை வகுத்த கடற்படை அதிகாரியின் பெயரால் ஹாலோவே திட்டம் எனப்பட்டது. அதில் சேர்ந்தவர்களில் உலகமறிந்த ஒருவர் நீல் ஆம்ஸ்ட்ராங். 1947-இல் பதினேழு வயதில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அவர் ஏற்ற ஒப்பந்தப்படி முதலில் இரண்டாண்டு படிப்பு, பிறகு இரண்டாண்டு விமானப் பயிற்சியும் ஓராண்டு பணியும், அதன்பின் கல்லூரி திரும்பி மீதி இரண்டாண்டு படிப்பு. 1949-இன் தொடக்கத்தில் பயிற்சிக்கு அழைப்பு வந்தது. பயிற்சி முடிவதற்குள் கொரியாவில் போர் மூண்டது. 78 முறை போர்ப் பறப்பில் சென்றார். 1951 செப்டம்பரில் சேதமடைந்த விமானத்திலிருந்து குதித்து உயிர் தப்பினார். 1952-இல் கல்லூரி திரும்பி 1955-இல் பட்டம் பெற்றார். கையெழுத்திட்டபோது கொரியா எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆண்டின் நீளம் முன்கூட்டியே தெரியும். அந்த ஆண்டு என்ன கொண்டுவரும் என்பது தெரியாது. இந்த இடர்ப்பாடு முழுவதும் மாணவர் பக்கமே நிற்கிறது.

தரைப்படைக்கும் விமானப்படைக்கும் இத்தகைய கல்வியுதவியை 1964-ஆம் ஆண்டின் ஆர்ஓடிசிச் சட்டம் விரிவாக்கியது. 1973-இல் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றதும், அதிகாரிகளைத் திரட்டும் பொறுப்பில் பெரும்பங்கு இந்த உதவித்தொகையின் தலையில் விழுந்தது. இன்றைய முறையில் கட்டணம் நேராகப் பல்கலைக்கழகக் கணக்குக்குப் போகிறது. தரைப்படைப் பிரிவில் பயிலும் மாணவருக்கு மாதம் 420 டாலர் கைச்செலவுத் தொகையும், ஆண்டுக்கு 1,200 டாலர் புத்தகப் படியும் கிடைக்கின்றன. கல்விக் கட்டணத்துக்குப் பதிலாக விடுதி, உணவுச் செலவுக்கான தொகையைக் கேட்டுப் பெறும் வழியும் உண்டு. ஈடாகத் தரவேண்டியது, முழுநேரப் பணியைத் தேர்ந்தவருக்கு, பொதுவாக நான்காண்டு. பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக் கட்டணம் 60,000 டாலரைத் தாண்டும். சொந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாமல் போகலாம். இரு மாணவர்களும் தருவது அதே நான்காண்டு. பணத்தில் கணக்கிட்டால் இருவரின் ஓராண்டுக்கும் விலை வேறு. பாதியில் விலக நேர்ந்தால் கணக்கு தலைகீழாகிறது: அப்போது கேட்கப்படுவது செலவான பணம் என்பதால், தனியார் பல்கலைக்கழக மாணவருக்கு வெளியேறும் வாசல் பல மடங்கு குறுகல். ஒரே ஒப்பந்தத்துக்குள் இரண்டு நாணயங்கள் புழங்குவதன் விளைவு இது.

கட்டு எந்த நாளில் விழுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நான்காண்டு உதவி பெறும் ஆர்ஓடிசி மாணவர் முதலாண்டு முடிவில் விலகினால் பொதுவாக ஒன்றும் தரவேண்டியதில்லை. இரண்டாமாண்டு வகுப்பு தொடங்கும் நாளில் கடப்பாடும் தொடங்குகிறது. கல்விக்கழகங்களில் இந்தச் சலுகை இரண்டாண்டு நீள்கிறது. அன்னாபொலிஸில் மூன்றாமாண்டில் நுழையும் மாணவர்கள் போடும் கையெழுத்தை ‘ஏழுக்கு இரண்டு’ என்ற பொருளில் பேச்சுவழக்கில் குறிப்பிடுகிறார்கள்: மீதமுள்ள இரண்டாண்டு படிப்பும் அதற்குப் பிந்திய ஐந்தாண்டு பணியும் சேர்ந்து ஏழு. அந்த நாள் வரை சொந்தமாக ஒரு காசும் செலவழிக்காமல் இரண்டாண்டு படித்தவர், வேறு பல்கலைக்கழகத்துக்குத் தாராளமாக மாறிக்கொள்ளலாம். ராணுவம் இதை நட்டமாகக் கருதாமல் அனுமதிப்பதற்குக் காரணம் உண்டு. மனமில்லாதவரை அதிகாரியாக்கி ஐந்தாண்டு வைத்திருப்பது, இரண்டாண்டுச் செலவைக் கைகழுவுவதைவிட விலை கூடியது.

இனி எண்ணும் முறை. கல்விக்கழகப் பட்டதாரிக்கு முழுநேரப் பணி ஐந்தாண்டு. ஆனால் படையில் சேரும் எவருக்கும் பொதுவான மொத்தக் கடப்பாடு எட்டாண்டு என்பதால், மீதி ரிசர்வ் பட்டியலில் கழிகிறது. பட்டியலில் பெயர் இருப்பது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்திருந்தவர்களை ஈராக் போர்க்காலத்தில் மீண்டும் அழைத்துக்கொண்டார்கள். விமானப்படையில் விமானி ஆகிறவருக்குப் பத்தாண்டு. அந்தப் பத்து பட்டமளிப்பு நாளிலிருந்து ஓடுவதில்லை, விமானப் பயிற்சி முடிந்த நாளிலிருந்தே ஓடுகிறது. மருத்துவர்களின் கணக்கு இதைவிடக் கடுமை. உதவி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு பணி என்பது அறிவிப்பில் காணும் விகிதம். நான்காண்டு உதவி பெற்றவர் ராணுவ மருத்துவமனையில் ஐந்தாண்டு அறுவைச் சிகிச்சைப் பயிற்சி எடுத்தால், அந்த ஐந்தாண்டும் அவர் சீருடையில்தான் இருக்கிறார், இரவும் பகலும் நோயாளிகளைப் பார்க்கிறார். ஆனாலும் மருத்துவக் கல்லூரிக்கான கடப்பாட்டில் அதனால் ஒரு நாளும் குறைவதில்லை. திருப்பித் தரும் நான்காண்டு அதற்குப் பிறகே தொடங்கும். விளம்பரத்தில் நாலுக்கு நாலு, வாழ்க்கையில் ஒன்பது. பெத்தெஸ்டாவிலுள்ள படைத்துறை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்கு விகிதம் வேறு. அவர்கள் மாணவப் பருவத்திலேயே அதிகாரிகளாக நியமனம் பெற்று முழுச் சம்பளம் வாங்குகிறார்கள். அதனால் கடப்பாடு ஏழாண்டு, அதிலும் பயிற்சிக் காலம் சேராது.

ஒப்பந்தத்தை மீறினால் என்ன ஆகும் என்பதில்தான் ராணுவம் மற்ற முதலாளிகளிடமிருந்து வேறுபடுகிறது. விருப்பமில்லாத ஒருவரை வேலை செய்யும்படி கட்டாயப்படுத்த எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் உரிமை இல்லை. 1865-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியல் சட்டத் திருத்தம் அதைத் தடுக்கிறது. படைச் சேவைக்கு அந்தத் தடை பொருந்தாதபடி நீதிமன்றங்கள் வேறு பாதை வகுத்தன. 1890-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கிரிம்லி வழக்கில், வயது வரம்பைத் தாண்டிய ஒருவர் வயதைக் குறைத்துச் சொல்லி உறுதிமொழி எடுத்தார்; பிறகு தம் வயதையே காட்டி, சேர்க்கை செல்லாது என்று வாதிட்டார். படையில் சேர்வது ஒப்பந்தம் மட்டும் அன்று, திருமணம்போல ஆளின் நிலையையே மாற்றிவிடும் செயல் என்று நீதிமன்றம் கூறியது. கல்வியுதவி பெற்றுப் பதவியேற்ற அதிகாரிக்கும் இதே நிலைதான்: விலகல் கடிதம் கொடுக்கலாம், ஏற்கப்படும் வரை அது வெறும் கடிதம்.

பதவியேற்பதற்கு முன்னரே விலகும் ஆர்ஓடிசி மாணவருக்கு இரண்டு முடிவுகள் காத்திருக்கின்றன: சாதாரணச் சிப்பாயாகப் பணிக்கு அழைக்கப்படலாம், அல்லது செலவான தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம். தேர்வு மாணவருடையதன்று, படைத்துறையுடையது. பணம் வசூலிக்கப்பட்டால், செய்யாமல் விட்ட பணியின் விகிதப்படி தொகை கணக்கிடப்படும். திவால் மனு கொடுத்தாலும் ஐந்தாண்டுக்குள் அந்தத் தொகை தள்ளுபடி ஆகாது. இந்தியாவில் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி மாணவரும் பாண்டு எழுதிக் கொடுத்தே சேர்கிறார். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-ஆம் பிரிவில், ஒப்பந்தத்தில் குறித்த தொகையை உச்சவரம்பாகக் கொண்டு நியாயமான இழப்பீடே தரலாம் என்கிறது. ஆனால் பொதுக் கடமைக்காக அரசு ஆணைப்படி எழுதித் தரும் பாண்டுக்கு அதே பிரிவு விதிவிலக்கு அளிக்கிறது: மீறினால் குறித்த தொகை முழுவதையும் கட்ட வேண்டும். விகிதப்படி வசூலிப்பதில் பாதிப் பணி செய்தவருக்குப் பாதி மதிப்பு கிடைக்கிறது. முழுத்தொகை முறையில் அந்தப் பாதிக்கு மதிப்பில்லை. கடைசி ஆண்டில் விலகுபவரும் முதலாண்டில் விலகுபவரும் சட்டத்தின்முன் ஒன்று. நீதி என்ற அளவில் பார்த்தால் அமெரிக்க முறையே மேல்.

இவற்றுக்கு எதிர்த்திசையில் செல்வது முதலில் பணி, பிறகு படிப்பு என்னும் முறை. 1944-ஆம் ஆண்டின் ஜிஐ மசோதா போரிலிருந்து திரும்பியவர்களுக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணமும், தனியாளுக்கு மாதம் 50 டாலர் வாழ்க்கைப்படியும் தந்தது. சுமார் 22 லட்சம் பேர் அதைக் கொண்டு கல்லூரிக்குச் சென்றார்கள். பணி ஏற்கெனவே முடிந்துவிட்டதால் ஓடிப்போகும் அபாயம் இல்லை. பாண்டும் வசூலும் தேவைப்படவில்லை. 2008-இல் வந்த புதிய சட்டம் மூன்றாண்டு பணியாற்றியவருக்கு 36 மாதக் கல்விக்கான முழு உரிமையைத் தருகிறது. ஆறாண்டு முடித்து மேலும் நான்காண்டு இருக்கச் சம்மதிப்பவர் அந்த உரிமையை மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைகளுக்கோ மாற்றித் தரலாம். கல்வியை முன்னால் நீட்டி ஆளைச் சேர்த்த அரசு, சேர்ந்தவரை நிறுத்திவைக்க அதே கல்வியைப் பின்னால் வைக்கிறது.

இரண்டு திட்டங்களும் சந்திக்கும் இடத்திலும் எண்ணும் விதி குறுக்கிடுகிறது. ஆர்ஓடிசி கல்வியுதவிக்கு ஈடாகக் கழித்த நான்காண்டு, 2008-ஆம் ஆண்டுத் திட்டத்துக்கான பணிக்காலத்தில் சேராது. ஒரே ஆண்டைக் காட்டி இருமுறை வரவு வைக்கச் சட்டம் இடம் தருவதில்லை. உதவி பெறாமல் சொந்தச் செலவில் படித்துவிட்டு அதே நாளில் அதிகாரியானவர் மூன்றாம் ஆண்டு முடிவிலேயே முழு உரிமை பெறுகிறார். பக்கத்து மேசையில் அதே வேலை பார்க்கும் உதவி பெற்றவருக்கு அந்தக் கணக்கு ஐந்தாம் ஆண்டில்தான் தொடங்குகிறது. முழு உரிமை ஏழாம் ஆண்டு முடிவில் வருகிறது.