ஆலைச் சங்கும் கடற்கரைத் தமிழும்

ஆலை நகரங்களின் பண்பாட்டு வாழ்வைப் பற்றிப் பேசும்போது நாடகக் கொட்டகையும் கோயில் திருவிழாவும் வாசகசாலையுமே நம் நினைவுக்கு வருகின்றன. 1908ஆம் ஆண்டின் தூத்துக்குடி வேறொன்றை நினைவூட்டுகிறது. மாலை வேளையில் கடற்கரையில் கூடிய கூட்டங்களே அந்நகரின் பெரும் பண்பாட்டு நிகழ்வாக இருந்தன. அந்நாளில் தூத்துக்குடி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. வள்ளியூர்ப் பக்கத்தவராகிய நமக்கும் அது சொந்தக் கதைதான்.

தாமிரபரணி மலையிலிருந்து விழும் வேகத்தை நம்பிப் பாபநாசத்தில் பஞ்சாலை நிறுவிய ஹார்வி சகோதரர்கள், 1888இல் தூத்துக்குடியில் கோரல் மில்லைத் தொடங்கினர். கரிசல் காட்டுப் பருத்தி துறைமுகத்துக்கு வந்து சேரும் வழியிலேயே நூலாயிற்று. அந்நூலை நூற்றவர்களுக்கோ நீண்ட வேலை நேரமும் குறைந்த கூலியுமே வாய்த்தன. வார விடுமுறையும் இல்லை.

1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய வ.உ. சிதம்பரம் பிள்ளையும், 1908 தொடக்கத்தில் தூத்துக்குடிக்கு வந்த சுப்பிரமணிய சிவாவும் கடற்கரையில் தமிழிலே பேசினர். இன்று இது வியப்பாகத் தோன்றாது. ஆனால் அரசியல் என்பது பெரும்பாலும் ஆங்கிலம் கற்றோரின் விண்ணப்பமாகவும் தீர்மானமாகவும் இருந்த காலம் அது. ஏட்டுத் தமிழ் அறிந்த வழக்கறிஞர் ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாதோரும் நிறைந்த கூட்டத்தின்முன் நின்று கூலியையும் சுயராஜ்யத்தையும் ஒரே மூச்சில் பேசினார். கேட்போர் மாறியபோது தமிழ் உரைநடையும் மாறியாக வேண்டியிருந்தது. மேடைத் தமிழின் வரலாற்றைப் பின்வந்த இயக்கங்களிலிருந்தே தொடங்கும் நாம், இந்தக் கடற்கரை மணலையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 27ஆம் நாள் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நகரம் அவர்களுக்குத் துணை நின்றது. ஆலை நிர்வாகத்தின் பக்கம் நின்றோருக்குச் சவரத் தொழிலாளரும் சலவைத் தொழிலாளரும் பணிசெய்ய மறுத்தனர். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. ஊதிய உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன.

மார்ச் 12ஆம் நாள் வ.உ.சி.யும் சிவாவும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கல்லூரி மாணவரும் தெருவில் இறங்கினர். அரசு அலுவலகங்கள் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். கோரல் மில் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை கேட்டது கூலி அன்று. திலகருக்கு விதித்த தண்டனையை எதிர்த்துப் பம்பாய் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தது அதே ஆண்டு ஜூலையில்தான். அவர்களுக்கு நான்கு மாதம் முன்னரே தூத்துக்குடித் தொழிலாளர் தம் தலைவர்களுக்காக வேலையைத் துறந்தனர் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

வழக்கில் குற்றமாக நின்றது பேச்சுத்தான். ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்தாண்டும் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. 1912இன் இறுதியில் வ.உ.சி. விடுதலையானார். வழக்கறிஞர் தொழிலுக்கான உரிமையும் பறிபோயிருந்ததால் வறுமையில் வாழ்ந்தார். பின்னாளில் அவர் தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தார்.

பதிப்பாசிரியர் வ.உ.சி.யைத் தமிழ்த்துறைகள் அறியும், கப்பலோட்டியவரை நாடறியும். ஆலைத் தொழிலாளர்முன் நின்ற வ.உ.சி.யை நாம் போதிய அளவு படிக்கவில்லை என்றே தோன்றுகிறது. அவரைப் படிப்பதென்பது அவர் எதிரே மணலில் அமர்ந்திருந்தோரையும் படிப்பதாகும். பகலெல்லாம் இயந்திர இரைச்சலில் நின்ற அவர்கள், அந்தி சாய்ந்தபின் வீடு திரும்பாமல் தமிழ் கேட்கச் சென்றார்கள். பேசியவர்களின் பெயர்கள் நம் இலக்கிய வரலாற்றில் உள்ளன. கேட்டவர்களுக்கும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு. அதை நாம்தாம் எழுத வேண்டும்.