ஏரி வாரியமும் ஊர் வளர்ச்சியும்

சோழர் காலத்து ஊராட்சி பற்றி எழுதியோர் பெரும்பாலும் குடவோலை முறையினையே வியந்து நின்றனர். பெயர் பொறித்த ஓலைகளைக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர் என்னும் செய்தி சுவையுடையதே. ஆயின், அங்ஙனம் எடுக்கப்பட்டோர் எவ்வரம்பினுள் நின்று பணியாற்றினர் என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுவது.

முதற் பராந்தகனுடைய உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டும் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியன. பிந்தியதன்படி, குடும்பு 30-க்கும் ஒருவராக முப்பதின்மர் தெரியப்பட்டனர். அவருள் பன்னிருவர் சம்வத்சர வாரியர். பன்னிருவர் தோட்ட வாரியர். எஞ்சிய அறுவர் ஏரி வாரியர். பதவிக்காலம் 360 நாள். வாரியம் செய்து மூன்று யாண்டு கழியாதார் மீண்டும் ஆகார். கணக்குக் காட்டாதார் விலக்கப்பட்டனர். அவர்தம் உறவினரும் அவ்வாறே விலக்கப்பட்டனர். உறவினரை விலக்கியது மிகையெனத் தோன்றலாம். ஏரியின் இயல்பை எண்ணுவார்க்கு அங்ஙனம் தோன்றாது. ஏரி ஓராண்டில் தூர்ந்துவிடுவதன்று. வண்டல் சிறிது சிறிதாகவே படியும். கடமை தவறியவன் பதவி நீங்கிய பின்னரே கேடு வெளிப்படும். ஆதலின், ஆண்டுதோறும் கணக்குக் கேட்பதன்றி ஏரியைக் காக்கப் பிறிது வழியில்லை. தூரெடுத்தற்கெனப் பொன் வைத்து, அதன் பலிசையால் அப்பணி நடைபெறச் செய்த செய்தி பல்லவர், சோழர் கல்வெட்டுகளில் காணப்படுகின்றது.

இனி, வளர்ச்சியை நோக்குவாம். முதல் இராசராசன் காலத்து ஆனைமங்கலச் செப்பேடு முதலியவற்றில், தானம் பெற்ற ஊர்க்குரிய விதிகள் வகுத்துரைக்கப்படுகின்றன. சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கலாம். துரவும் கிணறும் தோண்டலாம். தென்னை முதலியன வைக்கலாம். ஆனால் அவ்வூர்க்குரிய வாய்க்காலில் அயலார் கிளைக்கால் வெட்டுதல், சிற்றேற்றம் இட்டு இறைத்தல், கூடையால் நீர் கொள்ளுதல் ஆகியன கூடா. ஏரி நீர் நிற்குமளவும் கரையை உயர்த்திக்கொள்ள உரிமையுண்டு. ‘பெறுவதாகவும்’, ‘பெறாததாகவும்’ என்னும் இரு முடிபுகளும் ஒரே தொடரில் அடுத்தடுத்து வருதலைக் காண்க. வீடு பெருகுதற்கு இசைவு தந்த ஓலையே நீரின் எல்லையையும் கூறுகின்றது. அரசன் வகுத்த அவ்விதிகளை நாள்தோறும் நடைமுறைப்படுத்தியவர் ஊராரே.

இதனை இயற்கையின்பால் கொண்ட அருள் எனச் சிலர் பாராட்டுவர். எமக்கு அஃது உடன்பாடன்று. இது நீருரிமை காக்கும் சட்டமே. அங்ஙனம் சட்டமாயிருந்தமையாலேயே நிலைபெற்றது என்க. மேலும், உத்தரமேரூர் வாரியத்துள் இடம் பெற்றோர் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையும் உடையோர், மறை பயின்றோர். ஏரியில் இறங்கி மண் சுமந்தவர் பெயர் எதனையும் அக்கல்வெட்டுகள் கூறவில்லை.

பிற்காலத்தே ஊர்ச்சபைகள் மறைந்தன. குடிமராமத்து என்னும் வழக்கம் மட்டும் எஞ்சியது. கி.பி. 1858-இல் சென்னை மாகாணத்துக் கட்டாய உழைப்புச் சட்டம் அவ்வழக்கத்தை அரசாணையின்கீழ்க் கொணர்ந்தது. உழைக்கும் கடமை குடிகள்பால் நின்றது. வாரியத்தைத் தெரிந்து கணக்குக் கேட்கும் உரிமை அச்சட்டத்தில் இடம் பெறவில்லை.