ஒருத்தி படிக்க, ஊர் கேட்க

1855 பிப்ரவரி 15 அன்று வந்த ‘ஞானோதய’ மராத்தி இதழில் ஒரு கட்டுரை இருந்தது. எழுதிய முக்தா சால்வேக்கு வயது 14. மாங் சாதியில் பிறந்தவள். புனேயில் ஜோதிராவ், சாவித்திரிபாய் புலே தம்பதியின் பள்ளியில் மூன்று ஆண்டு படித்தவள். வேதத்தின் பக்கமே வரக்கூடாது என்று விலக்கிவைத்தால் எங்களுக்கென்று மதம்தான் ஏது என்று கேட்டாள். கூரையில்லாமல் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் தன் சாதிப் பெண்கள் படும் பாட்டை எழுதினாள். மீதிப் பகுதி மார்ச் 1 இதழில் வந்தது.

அந்தப் பெண்களில் எழுத்துக்கூட்டத் தெரிந்தவர்கள் அரிது. யாராவது படித்துச் சொன்னால்தான் அவர்கள் கதை அவர்கள் காதுக்கே வரும்.

கேட்பது அவர்களுக்குப் புதிதல்ல. விடியுமுன் இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து திரிகை சுற்றுவார்கள். ஒருத்தி ஓர் அடி பாட, மற்றவள் அடுத்த அடியை எடுத்துக்கொள்வாள். ஓவி எனப்படும் இந்தப் பாட்டுகளை ஹேமா ராயிர்கரும் கீ புவாத்வானும் ஊர் ஊராகப் போய்த் திரட்டினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் சேர்ந்தன. அவற்றில் தலித் பெண்கள் அம்பேத்கரைப் பாடியவையும் உண்டு.

மழைக்காலத்தில் ‘ஹரிவிஜய்’, ‘பாண்டவபிரதாப்’ போன்ற புராண நூல்களை எழுத்தறிந்த ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பது மராத்தி நாட்டு வழக்கம். அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். பின்னால் ‘பகிஷ்கிருத பாரத்’, ‘ஜனதா’ வந்தன. மகார் சாதியினர் குடியிருப்புகளில் இவையும் அதே முறையில்தான் படிக்கப்பட்டன. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோர் பௌத்தம் தழுவிய பிறகு புராணங்கள் விலகின, ‘புத்தரும் அவர் தம்மமும்’ வந்தது. மழைக்கால மூன்று மாதங்களில் விகாரைகளில் கூடி அந்த நூலைப் படித்துக் கேட்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. கேட்பவர்களில் பெண்கள் நிறைய.

கேட்டவர்கள் எழுத வந்தபோது எழுத்தை ஒளிக்க வேண்டியிருந்தது. சதாரா மாவட்டம் பல்தனில் பேபி காம்ப்ளே மளிகைக் கடை நடத்தினார். பொட்டலம் மடிக்க வந்த பழைய பத்திரிகைத் தாள்களைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே முதலில் படித்துவிடுவார். ஆள் வராத நேரத்தில் எழுதுவார். எழுதியதைக் கணவர் கண்ணில் படாமல் ஏறக்குறைய இருபது ஆண்டு ஒளித்து வைத்தார். அதுதான் 1982-இல் ‘ஸ்திரீ’ பெண்கள் இதழில் தொடராக வந்து, 1986-இல் ‘ஜிண அமுச்ச’ என்ற புத்தகமானது. அதே ஆண்டு ஆசிரியை சாந்தாபாய் காம்ப்ளேயின் தன்வரலாறும் நூலாயிற்று. 1990-இல் அது ‘நஜுகா’ என்று தொலைக்காட்சித் தொடரானபோது, படிக்கத் தெரியாதவர்கள் வீட்டுக்குள்ளும் போய்ச் சேர்ந்தது.

எழுத்தாளர்கள் ஊர்மிளா பவாரும் மீனாட்சி மூனும் எதிர்த்திசையில் போனார்கள். 1942 ஜூலையில் நாக்பூரில் நடந்த தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் 20,000 பேருக்கு மேல் திரண்டார்கள். ஆனால் அம்பேத்கர் இயக்க வரலாறுகளில் பெண்களுக்குக் கிடைத்தது சில வரிதான். இருவரும் அந்த இயக்கத்தில் நின்ற மூதாட்டிகளைத் தேடிப் போனார்கள், பேசச் சொல்லிக் கேட்டார்கள். கேட்டதெல்லாம் ‘நாங்களும் வரலாறு படைத்தோம்’ என்று பொருள்படும் தலைப்பில் 1989-இல் நூலாயிற்று. இங்கே ஊர் சொன்னது, எழுத்தாளர்கள் கேட்டார்கள்.

2003-இல் ஊர்மிளாவின் தன்வரலாறு ‘ஆயதான்’ வந்தது. கொங்கண மலைப்பாதையில் தலைச்சுமையோடு ரத்னகிரி சந்தைக்கு நடக்கும் பெண்களும், மூங்கில் கூடை முடைந்து பிள்ளைகளைப் படிக்கவைத்த தாயும் அதில் வருகிறார்கள். ‘ஜிண அமுச்ச’, மூதாட்டிகளின் வரலாறு, ‘ஆயதான்’ மூன்றும் 2008 என்ற ஒரே ஆண்டில் ஆங்கிலத்துக்குப் போயின. மராத்தியிலோ ‘ஆயதான்’ மறுபடி குரலுக்கே திரும்பியது. 2014-இல் சுஷமா தேஷ்பாண்டே அதை மேடையேற்றினார். மூன்றே நடிகைகள் கதை முழுவதையும் சொல்லி நடிக்க, அரங்கம் உட்கார்ந்து கேட்டது.