வெங்கச்சங்கல்லும் குவார்ட்சும்

ஜியாலஜி என்கிற நிலவியல் பட்டப்படிப்பில் முதலாண்டு சேருகிற பிள்ளைக்கு முதலில் சொல்லித்தருவது, தொட்டுப் பார்க்க. கல்லைக் கையில் எடு. நகத்தால் கீறு. விழவில்லையா, செம்புக்காசால் கீறு. அதற்கும் விழவில்லையா, கத்திமுனையால் கீறு. பீங்கான் தகட்டில் தேய்த்து என்ன நிறம் விழுகிறது பார். ஊதி முகர்ந்து பார், களிமண் கல்லென்றால் மண்வாசம் வரும். கல்லுப்பு என்று சந்தேகமா, நாக்கில் வைத்துப் பார். தொட்டால் தீட்டு என்று சட்டம் எழுதி வைத்திருந்த ஒரு நாட்டில், தொட்டால்தான் அறிவு என்று ஆரம்பிக்கிற படிப்பு இது.

இந்த நாட்டில் கல்லையும் மண்ணையும் தொட்டவர்கள் யார்? கிணறு வெட்டியவர்கள், கல் உடைத்தவர்கள், ஏரிக்கரை போட்டவர்கள், சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். அப்படியென்றால் இந்தப் படிப்பில் நம் பிள்ளைகள்தான் முன்வரிசையில் நிற்க வேண்டும். நிற்கிறார்களா?

எங்கள் காலனியில் குவாரித் தொழிலாளி ஒருவரின் மகன் இந்த மேஜர் எடுத்துச் சேர்ந்தான். முதலாண்டிலேயே கனிமவியல் பேப்பரில் அரியர். "அண்ணே, பேரே வாய்ல நொழைய மாட்டேங்குது. குவார்ட்ஸ், பெல்ஸ்பார், நைஸ்... அம்புட்டும் இங்கிலீஷு. நமக்கு எங்கண்ணே வரும்?" என்றான். வாத்தியாரும், "ஒங்களுக்கெல்லாம் எதுக்குய்யா இந்த மேஜரு?" என்று கேட்டிருக்கிறார். இவர்கள் இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டும் என்றால் இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்கிற வரலாற்றைப் பார்த்தாக வேண்டும். நான் தமிழ் படித்தவன். கல் தெரியாவிட்டாலும் சொல்லின் வழியைத் தேடிப் போக முடியும்.

குவார்ட்ஸ் இங்கிலீஷ் சொல் இல்லை. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் வெள்ளிச் சுரங்கம் தோண்டிய கூலியாட்கள் வாயில் கிடந்த சொல். நைஸ் என்பதும் அந்த மலைச் சுரங்கக்காரர்கள் பேச்சுதான். தாமிரம் என்று நம்பித் தோண்டி எடுத்த கல்லில் தாமிரம் கிடைக்காதபோது, 'இது குட்டிச்சாத்தான் வேலை' என்று திட்டினார்கள். அந்த வசவிலிருந்து வந்தது நிக்கல். கோபால்ட் என்பதும் சுரங்கப் பேயின் பெயர்தான். இன்று உலகம் முழுக்க முதலாண்டு மாணவர் மனப்பாடம் செய்வது அந்த உழைப்பாளிகளின் வசவையும் பேயையும்தான்.

அது எப்படிப் புத்தகத்துக்குள் போனது? ஜார்ஜ் அக்ரிகோலா என்கிற மருத்துவர் 1527இல் யோவாகிம்ஸ்தால் என்ற சுரங்க ஊரில் வேலைக்குப் போனார். அங்கே சுரங்கக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். சுரங்கத் தொழில் பற்றிய அவருடைய பெரிய நூல், அவர் இறந்த மறு வருஷம், 1556இல் வெளியானது. 1765இல் பிரைபெர்க் என்ற சுரங்க ஊரிலேயே சுரங்கக் கல்லூரி திறந்தார்கள். பின்னாளில் அங்கே ஆசிரியரான வெர்னர், நிறம், தொடு உணர்வு, வாசனை, ருசி இவற்றை வைத்துக் கனிமத்தை அடையாளம் காண்பது பற்றி 1774இல் எழுதினார். அவருடைய மாணவர் மோஸ் 1812இல் கடினத்தைப் பத்துப் படியாக வகுத்தார். நம் பையனின் முதலாண்டு லேப் நோட்டில் இருப்பது இந்த வரலாறுதான். சுரங்கக்காரனுக்குத் தெரிந்ததை எழுதி ஒழுங்கு செய்ததால் வந்த விஞ்ஞானம் இது. அங்கேயும் கூலிக்காரன் ஏழைதான், செத்தவன்தான். ஆனால் அவன் பேச்சைப் புத்தகத்தில் ஏற்றுவதைத் தடுக்க அங்கே தீண்டாமை இல்லை.

இங்கே நடந்தது வேறு. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லுக்கு உலகப் பெயர் சார்னோக்கைட். கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரி ஜாப் சார்னோக்குக்குக் கல்கத்தாவில் வைத்த கல்லறைக் கல் இந்த மலைப்பக்கத்திலிருந்து போனது. தாமஸ் ஹாலந்து 1893இல் அந்தக் கல்லை ஆராய்ந்து இந்தப் பெயரைச் சூட்டினார். கல்லுக்கு அடியில் படுத்திருந்தவன் பெயர் விஞ்ஞானத்தில் ஏறியது. அதை வெட்டி எடுத்தவன் பெயரும் இல்லை, அவன் அந்தக் கல்லை என்ன சொல்லிக் கூப்பிட்டான் என்பதும் இல்லை.

பிரைபெர்க்கைப் போல நமக்கும் ஒரு சுரங்க ஊர் இருந்தது. கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு, வட ஆர்க்காடு, சித்தூர்ப் பக்கத்திலிருந்து போய் அதன் குழிகளில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அந்த ஆழத்தில் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். ஆள் நசுங்கிச் சாவான். அந்த வெடிப்பு இன்று தனி ஆராய்ச்சித் துறை. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமே தங்கவயலில் வந்தது. சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள்.

அந்த மக்கள் எழுதத் தெரியாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கட்டியவர்கள் அவர்கள். 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய 'தமிழன்' ஏட்டை அவர் மறைவுக்குப் பிறகு தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தியவர்கள். மதம், வரலாறு, மொழி எல்லாவற்றையும் விவாதித்தவர்கள். ஆனால் நான் புரட்டிப் பார்த்த முதலாண்டுப் பாடப்புத்தகங்களில் தங்கவயல் பாறையின் வயது இருக்கிறது, பாறைக்குள் இறங்கியவன் சொல் ஒன்றுகூட இல்லை.

நமக்கும் சொல் உண்டு. பையனின் மாதிரிக் கற்களை அவன் அப்பாவிடம் கொடுத்தோம். குவார்ட்சை எடுத்து, "இது வெங்கச்சங்கல்லு. இரும்புல தட்டுனாப் பொறி பறக்கும்" என்றார். மைக்காவைப் பார்த்து, "காக்காப்பொன்னு". டால்க் இருந்த கல்லை விரலால் வழித்து, "மாக்கல்லு. சட்டி கடையலாம்". பொறி ஏன் பறக்கிறது? மோஸ் அளவில் குவார்ட்ஸ் ஏழு. சாதாரண இரும்பு அதற்குக் கீழே. கல் இரும்பைச் சீவுகிறது, சீவின துகள் காற்றில் பட்டு எரிகிறது. டால்க் ஒன்று, நகமே கீறும். அவர் சொன்னது அந்த அளவுகோலின் இரண்டு படிகள். பெயர்தான் வேறு.

ஒரு சொல் தப்பித்துப் போயிருக்கிறது. மோஸ் அளவில் ஒன்பதாவது கொரண்டம். அது நம் குருந்தம். பட்டை தீட்ட உதவும் கல் என்பதால் வியாபாரி விரும்பினான். கல்லோடு பேரும் கப்பல் ஏறியது. ஆக, நம் பேச்சு விஞ்ஞானத்துக்கு லாயக்கில்லை என்பது பொய். லாபம் தேவைப்பட்டபோது எடுத்துக்கொண்டார்கள், மற்றதைக் குப்பையில் விட்டார்கள்.

முதலாண்டு வகுப்பு என்பது வடிகட்டும் இடம். மேஜரில் நிலைப்பதா, ஓடுவதா என்பதை அங்கேதான் பிள்ளைகள் முடிவு செய்கிறார்கள். சுத்தியல், லென்ஸ், களப்பயணக் காசு என்று செலவு ஒரு பக்கம் விரட்டுகிறது. 'இது ஒன் வீட்டு அறிவு இல்ல' என்கிற பொய் இன்னொரு பக்கம் விரட்டுகிறது. செலவுக்கு உதவித்தொகை கேட்டுப் போராடுகிறோம், போராட வேண்டும். பொய்யை உடைப்பதும் அதே அளவு முக்கியம்.

கேட்க வேண்டியவை எளிமையானவை. லேப் நோட்டில் கனிமத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஊர்ப்பெயருக்கும் ஒரு கட்டம் வேண்டும். குவாரிக்குக் களப்பயணம் போனால் மேனேஜரோடு, கல் உடைப்பவரையும் பேச வைக்க வேண்டும். இந்தத் துறையில் படிக்கிற நம் மாணவர்கள் கிணறு வெட்டுகிற தாத்தாவிடமும் ஜல்லி உடைக்கிற அம்மாவிடமும் கல்லின் பேரைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். அக்ரிகோலா செய்தது அவ்வளவுதான். அந்தத் தலைமுறை போவதற்குள் எழுத வேண்டும்.