துணை வட்டாட்சியர் (அன்னூர் வட்டம்)

வட்டாட்சியருக்கு அடுத்த நிலைப் பதவி. பழைய பெயர் துணைத் தாசில்தார். சென்னை மாகாணத்தில் இவர்கள் வருவாய்ப் பணியோடு சிறு குற்ற வழக்குகளையும் விசாரித்தனர். நீதித்துறை பிரிந்தபின் அந்த அதிகாரம் சுருங்கியது. அவிநாசி வட்டத்தில் இருந்த அன்னூர், 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது கோவையிலேயே தங்கி, பின்னர் தனி வட்டமானது.

தலைமையிடத்துத் துணை வட்டாட்சியர் அலுவலக நிர்வாகத்தைப் பார்ப்பார். விவசாயிக்கு வேண்டியவர் என்னவோ மண்டலத் துணை வட்டாட்சியர்தான். தோட்டத்தை முழுதாகக் கிரயம் வாங்கினால் பட்டா மாறுதலுக்கு அவர் ஒப்புதலே போதும். அதில் 2 ஏக்கரை மட்டும் பிரித்து வாங்கினால் சர்வேயர் அளந்து, உட்பிரிவு போட்டு, கோப்பு வட்டாட்சியர் வரை போகும். பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்றிதழில் துணை வட்டாட்சியரும், ஆதிதிராவிடர் சான்றிதழில் வட்டாட்சியரும் கையொப்பமிடுவர்.