சிற்பமாக நிற்கும் காகிதம்

காகித மடிப்புக் கலையான ஓரிகாமியின் வரலாறு பெரும்பாலும் மடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டுவந்துள்ளது. ஆனால் மடித்த தாள் சிற்பமாக உருப்பெற்ற கதையில், எந்தத் தாளைத் தேர்ந்தார்கள், அதை எவ்வாறு பக்குவப்படுத்தினார்கள் என்பதற்கும் சம பங்கு உண்டு. ஜப்பானில் கையால் செய்யப்படும் வாஷி என்னும் காகிதம், முசுக்கட்டைக்கு நெருங்கிய உறவான கோசோ மரத்தின் உட்பட்டையைக் காரநீரில் வேகவைத்து, அலசி, அடித்து, தொரொரோ அவொய் என்னும் செடியின் வேரிலிருந்து பெறும் வழவழப்பான சாற்றுடன் நீரில் கலந்து, மெல்லிய மூங்கில் தட்டியால் அள்ளி எடுக்கப்படுவதாகும். பட்டையின் நார்கள் நீளமானவை. அவை ஒன்றையொன்று பின்னிக் கிடப்பதால், மெல்லிய தாளும் மடிப்பில் எளிதில் கிழிவதில்லை. 1797-இல் கியோட்டோவில் வெளியான 'ஹிடென் சென்பாசுரு ஒரிகாட்டா' என்னும் நூல், ஒரே தாளைப் பகுதி பகுதியாக வெட்டி, சிறகு நுனியிலோ அலகிலோ சிறு இணைப்பு மட்டும் எஞ்சுமாறு பல கொக்குகளை மடிக்கும் 49 முறைகளைக் காட்டுகிறது. அந்தச் சிறு இணைப்பு அறாமல் நிற்பதற்கு நீண்ட நார் வேண்டும்.

எனினும், பசையேறாத மென்மையான வாஷி கூரிய மடிப்பை ஏற்குமே தவிர, விலங்கின் முதுகுக்கோ கன்னத்துக்கோ உரிய வளைவைத் தானாகத் தாங்கி நிற்காது. 1911-இல் தொச்சிகி மாவட்டத்தில் பிறந்து, இளமையில் தோக்கியோவின் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த அகிரா யோஷிசாவா, இக்குறையை ஈரமடிப்பு என்னும் முறையால் கடந்தார். காகித உற்பத்தியின்போது, துணிக்குக் கஞ்சி போடுவதைப் போல, தாளில் ஊட்டப்படும் பசை நார்களைப் பிணைத்து விறைப்பைத் தருகிறது; தாளை அளவாக ஈரப்படுத்தினால் அப்பசை இளகி நார்கள் நெகிழ, அந்நிலையில் விரல்களால் வளைத்து உலரவிடும்போது பசை மீண்டும் இறுகி அவ்வடிவத்தை நிலைநிறுத்துகிறது. இதனால், மெல்லிய தாளுக்கே பழகியிருந்த கலைக்குத் தடித்த தாளும் உரியதாயிற்று. 1952-இல் 'அசாஹி குராஃப்' இதழில் வெளியான ராசி விலங்குகளின் படங்கள் யோஷிசாவாவுக்குப் பெயர் தேடித் தந்தன. 1955-இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் நடந்த காட்சி அவர் படைப்புகளை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியது.

ஈரமடிப்பு பரவியபின், கலைஞர்கள் தாளை வாங்கியபடியே பயன்படுத்தாமல், தாமே பக்குவப்படுத்தும் வழக்கமும் வலுப்பெற்றது. பசை குறைந்த தாள்மீது நீரில் கரைத்த மெத்தில் செல்லுலோஸ் என்னும் பொருளைத் தூரிகையால் பூசி உலர்த்துவதும், இரு மெல்லிய தாள்களை முதுகோடு முதுகாக ஒட்டி இரு வண்ணத் தாளாக்குவதும் அவ்வழக்கத்தின் முக்கியக் கூறுகள். இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடுவதால், ஈரம் பட்டவுடன் அது குறுக்குவாட்டில் மிகுதியாக விரிகிறது. சதுரமாக வெட்டிய தாள் ஈரத்தில் சதுரமாக இராது என்பதால், தாளை முதலில் நனைத்துப் பின்னர் வெட்டுவோரும் உண்டு. உலோகத் தகடு ஒட்டிய தாள் ஈரமின்றியே வளைவைக் காக்கும். ஆயினும் தவறான மடிப்பின் தழும்பு அதில் எளிதில் மறையாது என்பதால், உயிருள்ள தோலின் மென்மையைத் தேடும் கலைஞனுக்கு அது முழு நிறைவளிப்பதில்லை.

சிற்பக் கல்வியோடு ஓரிகாமிக்கு வந்த பிரெஞ்சுக் கலைஞர் எரிக் ஜுவாசெல் (1956–2010), மனித முகங்களையும் குள்ளர்களையும் எறும்புண்ணியையும் ஈரத்தாளில் வடித்து, இம்முறையின் எல்லையை விரித்தார். மைக்கேல் லஃபோஸும் ரிச்சர்ட் அலெக்சாண்டரும் 1996-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நிறுவிய ஓரிகாமிடோ கலைக்கூடமோ மடிப்பவருக்காகவே காகிதம் செய்யத் துணிந்தது. வாழையினத்தைச் சேர்ந்த அபாக்காவின் நாரைக் கூழாக அரைத்து, கூழிலேயே நிறமியைக் கலந்து தாளாக்குவதால், நிறம் மேற்பூச்சாக இல்லாமல் தாளுக்குள்ளேயே ஊறிவிடுகிறது. மடிப்பின் விளிம்பு எவ்வளவு தேய்ந்தாலும் அங்கே வெண்மை வெளிப்படுவதில்லை.